மூன்று நூலில் தொங்கும் ஊர்

நம் அக்ரஹாரங்களில் பட்டப்பெயர் இல்லாமல் ஒருவர் வாழ்ந்து முடித்ததாகச் சரித்திரம் கிடையாது. ஒரே தெருவில் நான்கு வைத்தாவும் மூன்று கிச்சாவும் இருந்தால் வேறு என்ன செய்வது? போஸ்டாபீஸ் வைத்தா, கோடியாத்து வைத்தா, ரங்கூன் கிச்சா, பொடி கிச்சா என்று ஏதாவது அடையாளம் வைத்தாக வேண்டும். ரங்கூனை விட்டு வந்து நாற்பது வருஷம் ஆனாலும் அவர் ரங்கூன் கிச்சாதான். டாக்டர் சொல்லிப் பொடி போடுவதை அடியோடு நிறுத்தினாலும் இவர் பொடி கிச்சாதான். பட்டப்பெயருக்கு அப்படி ஒரு குணம். வந்த காரணம் போன பிறகும் அது போகாது.

ஊர்களுக்கும் இதே கதைதான்.

சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் பொது அறிவுப் புஸ்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "தாத்தா, கிழக்கின் வெனிஸ் ஆலப்புழைன்னு இதுல போட்டிருக்கு. ஸ்கூல் புஸ்தகத்துல உதய்பூர்னு இருக்கு. எது ரைட்?" என்று கேட்டான். இரண்டும் சரிதான் என்றேன். "அப்போ பரீட்சையில எதை எழுதறது?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. புஸ்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அடுத்த வரியில், "இந்தியாவின் மான்செஸ்டர் – அகமதாபாத்" என்று இருந்தது. அறுபது வருஷங்களுக்கு முன் நான் நெட்டுருப் போட்ட அதே வரி! நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. அங்கே மில் சங்குகள் ஓய்ந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. புஸ்தகத்துக்கு மட்டும் அந்த விஷயம் தெரியவில்லை.

இந்தக் கட்டுரைக்கு அந்த ஒரு வரிதான் பிள்ளையார் சுழி.

பக்தர்கள் வைத்த பெயர்கள்

ஊருக்குச் சிறப்புப் பெயர் வைப்பதை நாம் வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொள்ளவில்லை. காசியையே எடுத்துக்கொள்ளுங்கள். வருணைக்கும் அசிக்கும் நடுவில் இருப்பதால் வாராணசி. ஒளி பொருந்தியதால் காசி. ஈசுவரன் ஒருபோதும் விட்டு நீங்காத இடமானதால் அவிமுக்தம். ஆனந்தம் நிறைந்த வனமானதால் ஆனந்தகானனம். இத்தனை மங்களமான பெயர்களோடு, மகாசுமசானம், அதாவது பெரிய மயானம் என்றும் அதே ஊருக்குப் பெயர். ஒரே ஊரை ஆனந்த வனம் என்றும் மயானம் என்றும் கூசாமல் சொல்லியிருக்கிறார்கள். அங்கே போய் மணிகர்ணிகையில் பத்து நிமிஷம் நின்றவர்களுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் எப்படிப் பொருந்தும் என்று விளக்க வேண்டியதில்லை.

மதுரையும் அப்படித்தான். ஆலவாய் என்றால் ஒரு திருவிளையாடல் கதை. நான்மாடக்கூடல் என்றால் இன்னொரு கதை. இன்று பஸ்ஸிலும் போஸ்டரிலும் பார்க்கிற 'தூங்கா நகரம்' என்ற பெயர் புதிதுபோலத் தோன்றும். ஆனால் மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியிலேயே பகலில் நடக்கும் நாளங்காடியும் இரவில் நடக்கும் அல்லங்காடியும் வருகின்றன. ஆக, அந்த ஊர் தூங்காமல் இருப்பது இன்று நேற்றல்ல.

இந்தப் பெயர்களில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இவை எதுவும் இன்னொரு ஊரைக் காட்டி இந்த ஊரைச் சொல்லவில்லை. காசியைத் 'தெற்கே இருக்கும் இன்ன ஊர்' என்று யாரும் அளக்கவில்லை. மற்ற ஊர்களைத்தான் காசியோடு அளந்தார்கள். தென்காசி என்று பெயர் வைத்தார்கள். காசிக்கு வீசம் அதிகம் என்று பல ஸ்தலங்களைப் பற்றிப் பெருமை பேசினார்கள். அளவுகோல் நம்முடையதாக இருந்தது.

அளவுகோல் மாறிய காலம்

பிறகு அளவுகோல் கப்பலேறி வந்தது. ஷில்லாங் கிழக்கின் ஸ்காட்லாந்து ஆயிற்று. குடகு இந்தியாவின் ஸ்காட்லாந்து ஆயிற்று. புனே, அலகாபாத் இரண்டும் கிழக்கின் ஆக்ஸ்ஃபோர்டு என்று கொண்டாடப்பட்டன. (அலகாபாத் 2018 முதல் பிரயாக்ராஜ். அங்கே பல்கலைக்கழகம் 1887இல் ஏற்பட்டது.) திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் துறைமுகமாக வளர்த்த ஆலப்புழை, சரக்குப் படகுகள் போகக் கால்வாய்கள் வெட்டிய ஊர். மகாராணா உதயசிங் பதினாறாம் நூற்றாண்டில் நிர்மாணித்த உதய்பூர், அரண்மனைகள் ஏரியில் நிழல் பார்க்கும் ஊர். ஒன்று கயிறும் மிளகும் ஏற்றிய வியாபாரத் தலம், மற்றது ராஜதானி. வெனிஸ் என்று ஒரே முத்திரையைக் குத்தியதும் இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது.

நம் கும்பகோணத்துக் கதை இன்னும் சுவாரஸ்யம். 1854இல் ஏற்பட்ட அந்த ஊர் அரசினர் கல்லூரிக்குத் 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று பெயர். காவேரிக் கரையில் அமைந்த அந்தக் கல்லூரியில் 1904இல் உபகாரச் சம்பளத்தோடு ஒரு பையன் சேர்ந்தான். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனது போகவில்லை. மற்ற பாடங்களில் தேறாததால் உபகாரச் சம்பளம் போயிற்று. வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டான். அவன்தான் ஸ்ரீநிவாச ராமானுஜன். 1914இல் அசல் கேம்பிரிட்ஜ் அவரைக் கப்பலில் வரவழைத்தது. 1918இல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆக்கியது. கும்பகோணத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பட்டப்பெயர் கிடைத்தால் மட்டும் போதாது, பெயருக்கு உரியவனின் கண்ணும் வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

மூன்று மான்செஸ்டர்கள்

இப்போது மான்செஸ்டருக்கு வருகிறேன். இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கே 'காட்டனோபோலிஸ்', அதாவது பருத்திப் பட்டணம் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்தப் பருத்திப் பட்டணத்தின் பெயரை நம் நாட்டில் முக்கியமாக மூன்று ஊர்களுக்குச் சூட்டினார்கள். அகமதாபாத் இந்தியாவின் மான்செஸ்டர். கான்பூர் கிழக்கின் மான்செஸ்டர். கோயம்புத்தூர் தென்னிந்தியாவின் மான்செஸ்டர். பெயர் ஒன்று, ஆனால் மூன்றின் ஜாதகமும் வேறு.

கான்பூர் பட்டாளத்து ஊர். 1857க்குப் பிறகு அங்கே தங்கிய ராணுவத்துக்குக் கூடாரத் துணி, ஜீனி, பூட்ஸ், கம்பளி எல்லாம் வேண்டியிருந்தன. 1864இல் எல்ஜின் மில், அதன் பின் மியூர் மில், கம்பளிக்கு லால் இம்லி, தோலுக்குக் கூப்பர் ஆலன் என்று வெள்ளைக்காரர்களின் கம்பெனிகள் வரிசையாக வந்தன. வடக்கே உத்தியோகம் பார்த்த நம்மவர் வீடுகளில் ஒரு லால் இம்லி கம்பளியாவது டிரங்குப் பெட்டியில் நாப்தலீன் உருண்டையோடு இருந்திருக்கும்.

கோயம்புத்தூர் கரிசல் மண்ணும் மின்சாரமும் சேர்ந்து உண்டாக்கிய ஊர். 1888இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தார் முதல் மில்லை வைத்தார்கள். ஆனால் மில்கள் பெருகியது 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான். உள்ளூர் விவசாயக் குடும்பங்களும் வியாபாரக் குடும்பங்களும் பணம் போட்டன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று நூல் அறுந்துபோகாமல் காத்தது.

அகமதாபாத் இந்த இரண்டிலும் சேராது. அது வெள்ளைக்காரப் பணம் இல்லாமலே வளர்ந்த மில் ஊர். முதல் மில்லை வைத்தவர் ரண்சோட்லால் சோட்டாலால் என்ற நாகர் பிராமணர். நாகர் பிராமணர்கள் குஜராத்தில் காலம் காலமாகத் திவான் உத்தியோகமும் கணக்கும் பார்த்து வந்த வகுப்பார். நம்மைப் போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர், மில் வைக்கிறேன் என்று கிளம்பினார். இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். அகமதாபாதுக்கு அப்போது ரயில் கிடையாது. காம்பே என்கிற கம்பாத் துறையில் இறக்கி, மாட்டு வண்டியில் கொண்டு வந்தார்கள். 1861இல் மில் ஓடியது. இதே ரண்சோட்லால்தான் பின்னால் நகரசபைத் தலைவராகி, குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் வேண்டும் என்று ஊரோடு போராடினார்.

அவரைப் பார்த்து ஜைனர்களும் வைஷ்ணவ வணிகர்களும் இறங்கினார்கள். மில் முதலாளிகள் ஊரிலேயே இருந்தார்கள். அதனால்தான் 1918இல் கூலி உயர்வுக்காக நடந்த வேலை நிறுத்தம் ஒரு குடும்பச் சண்டைபோல இருந்தது. முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய், தொழிலாளர் பக்கம் அவருடைய சொந்த அக்கா அனசூயா பென். நடுவில் காந்திஜி உபவாசம் இருந்தார். அந்தப் போராட்டத்திலிருந்துதான் 1920இல் மஜூர் மகாஜன் என்ற தொழிற்சங்கம் பிறந்தது. முதலாளிகளின் பணத்திலும் முயற்சியிலும்தான் 1947இல் அட்டிரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையமும் பிறகு பல கல்வி நிலையங்களும் வந்தன. இத்தனையையும் 'மான்செஸ்டர்' என்ற ஒற்றைச் சொல் விழுங்கிவிட்டது.

அப்பா கேட்ட கேள்வி

என் தகப்பனார் 1947இல் ஷார்ட்ஹாண்டும் டைப்ரைட்டிங்கும் முடித்த கையோடு மாயவரத்திலிருந்து ரயிலேறி, அகமதாபாதில் ஒரு மில் ஆபீஸில் ஸ்டெனோவாகச் சேர்ந்தார். மணிநகரில் ஜாகை. காலை ஷிப்ட் சங்கு ஊதினால் அம்மா அடுப்பு மூட்டுவாள். அடுத்த சங்குக்கு அப்பா சந்தியை முடித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தது, ஆனால் அதை யாரும் நம்பியதில்லை.

1964இல் நான் ஸ்கூலில் 'எங்கள் ஊர் – இந்தியாவின் மான்செஸ்டர்' என்று ஒரு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினேன். பரிசைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தார். ஸ்பெல்லிங் தப்பு ஒன்றைத் திருத்தினார். பிறகு, "ஏண்டா, அந்த மான்செஸ்டர்ல இப்போ எத்தனை மில் ஓடறதுன்னு தெரியுமோ உனக்கு?" என்று கேட்டார். நான் விழித்தேன். "பாதிக்கு மேல மூடிண்டு இருக்கான். ஆபீஸுக்கு வர பத்திரிகையில வாராவாரம் வரது. ஒருத்தன் பேரை வாங்கி வச்சுக்கறபோது அவன் ஜாதகத்தையும் ஒரு தரம் பாத்துக்கணும்" என்றார்.

அப்பா சொன்னது நிஜம். 1958இலேயே பிரிட்டன் தான் வெளியே விற்கும் பருத்தித் துணியைவிட அதிகமாக வெளியிலிருந்து வாங்கும் நாடாகிவிட்டது. மறுவருஷம் பழைய கதிர்களையும் தறிகளையும் உடைத்துப் போட நஷ்ட ஈடு கொடுத்துச் சட்டமே போட்டார்கள். அந்த வீழ்ச்சியில் நமக்கும் பங்கு உண்டு. ஒரு காலத்தில் லங்காஷயர் துணி நம் நெசவாளர்களைப் பட்டினி போட்டது. பிறகு நம் மில்களும் சுதேசி இயக்கமும் லங்காஷயரைப் பதம் பார்த்தன. 1931இல் வட்டமேஜை மகாநாட்டுக்குப் போன காந்திஜி, செப்டம்பர் மாதம் லங்காஷயரில் டார்வென் என்ற மில் ஊருக்குப் போனார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை இழந்தவர்கள் நிறைந்த ஊர் அது. கல்லெறிவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. ஆனால் மில்லில் வேலை செய்த பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆரவாரம் செய்தார்கள். முண்டும் சால்வையுமாகக் காந்திஜி நடுவில் நிற்க, சுற்றிலும் அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கும் போட்டோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேலை போனவனின் கஷ்டம் இரண்டு மான்செஸ்டரிலும் ஒன்றுதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1976இல் அப்பா ரிடையர் ஆனார். சில வருஷங்களிலேயே அவர் பயந்தது நடக்க ஆரம்பித்தது. சூரத்திலும் பிவண்டியிலும் விசைத்தறிகள் பெருகின. டெரிலின், டெரிகாட் வந்தன. நூற்பு, நெசவு, சாயம் எல்லாம் ஒரே காம்பவுண்டில் வைத்திருந்த பெரிய மில்களுக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. பலர் பழைய இயந்திரங்களை மாற்றவும் இல்லை. பம்பாயிலோ 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலை நிறுத்தத்துக்குப் பிறகு பல மில்கள் திறக்கவே இல்லை. அகமதாபாதில் 1980களிலும் 1990களின் ஆரம்பத்திலும் ஒன்றன் பின் ஒன்றாகக் கதவு சாத்தினார்கள். சுமார் லட்சம் பேர் வேலை இழந்தார்கள்.

அப்பா வேலை பார்த்த மில்லும் மூடியது. அவருடைய பணம் முன்பே வந்துவிட்டது. மற்றவர்களுக்கு வரவில்லை. சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். நூற்புக் கண்டத்தில் வேலை பார்த்தவர், சாயப் பட்டறைக்காரர், வாட்ச்மேன். கிராஜுவிட்டி கேட்டு இங்கிலீஷில் மனு எழுத வேண்டும். அப்பா பழைய ரெமிங்டனை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அடித்துக் கொடுப்பார். யாரிடமும் காலணா வாங்கியதில்லை. லீவில் நான் போயிருந்தபோது, எல்லோருக்கும் சேர்த்து ஒரே மனுவாக அடித்தால் என்ன என்று கேட்டேன். "ஒவ்வொருத்தனும் எத்தனை வருஷம் வேலை பண்ணினான்னு அதுல வராதேடா" என்றார். அந்த மனுக்களில் எத்தனைக்குப் பலன் கிடைத்தது என்று கணக்குப் பார்த்தால் மனது கஷ்டப்படும். சிலருக்குப் பல வருஷம் கழித்துக் கொஞ்சம் வந்தது. சிலர் அதற்குள் போய்விட்டார்கள்.

கடன் வாங்கிய பெயர்களின் கதி

அப்பா சொன்ன ஜாதக நியாயம் மற்ற ஊர்களுக்கும் பொருந்துமா என்று பார்த்தேன். கான்பூருக்கு அப்படியே பொருந்துகிறது. அங்கேயும் பருத்தி மில்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. தோல் தொழில்தான் ஊரைத் தாங்குகிறது. கோயம்புத்தூருக்கு முழுதும் பொருந்தவில்லை. அந்த ஊர் மில்லை மட்டும் நம்பி உட்காரவில்லை. மில் இயந்திரத்தைப் பழுது பார்க்க வைத்த பட்டறை, மோட்டார் செய்யும் பட்டறையாயிற்று. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்தார்கள். அதிலிருந்து பம்பு செட்டு, அதன் பின் நம் மாமிகள் கைக்கொண்ட வெட் கிரைண்டர்! இன்று அந்த கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. கோயம்புத்தூரை மான்செஸ்டர் என்பதைவிட இட்லி மாவின் தலைநகரம் என்று சொன்னால், உண்மைக்கு அருகில் இருக்கும்.

கார்த் தொழிற்சாலைகள் வந்ததும் சென்னையை 'ஆசியாவின் டெட்ராய்ட்' என்று எழுத ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் அசல் டெட்ராய்டில் 1950இல் பதினெட்டு லட்சத்துக்கு மேல் ஜனங்கள். இன்று ஏழு லட்சத்துக்கும் கீழே. 2013இல் அந்த நகரம் திவால் மனுவே கொடுத்தது. நம் ஊருக்கு அப்படி ஒன்றும் வராமல் இருக்கட்டும். ஆனால் மேடையில் மாலை போட்டு அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் குரல் காதில் விழுகிறது.

வர்ணமும் முத்தும்

எல்லாப் பட்டப்பெயரும் கடன் வாங்கியது இல்லை. சில, பார்த்த மாத்திரத்தில் வாயில் வந்தவை. அவற்றிலும் சரித்திரம் ஒளிந்திருக்கிறது.

ஜெய்பூர் 'குலாபி நகர்'. 1727இல் சவாய் ஜெய்சிங் அந்த ஊரை நிர்மாணித்தபோது துணையாக நின்றவர் வித்யாதர் பட்டாச்சாரியா என்ற வங்காளத்து பிராமணர். வாஸ்து சாஸ்திரப்படி கட்டம் கட்டமாகத் திட்டமிட்ட ஊர். 'ரோஜா வர்ண நகரம்' என்ற புகழோ ஏறக்குறைய நூற்றைம்பது வருஷங்கள் கழித்து வந்தது. 1876இல் இங்கிலாந்து இளவரசர் வருகிறார் என்று மகாராஜா ராம்சிங் ஊர் முழுவதும் அந்த வர்ணத்தைப் பூசச் சொன்னார். விருந்தாளிக்காக அடித்த பெயிண்ட் ஊரின் அடையாளமாகிவிட்டது. சாஸ்திரம் பார்த்துப் போட்ட வீதிகளை மெச்சி ஒரு பட்டப்பெயர் வரவில்லை! 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதுதான் அந்த வீதித் திட்டத்துக்கு உரிய மரியாதை கிடைத்தது.

ஹைதராபாத் முத்து நகரம். அந்த ஊருக்குச் சமுத்திரமே கிடையாது. நிஜாம்களின் மோகத்தால் பாரசீக வளைகுடா முத்துக்கள் பஸ்ராவிலிருந்து வந்தன. துளை போட்டுக் கோக்கும் வேலையைச் சுற்று வட்டாரத்துக் கைவினைஞர்கள் கற்றார்கள். நம் தூத்துக்குடியோ கொற்கைக் காலத்திலிருந்து முத்துக்குளித்த கரை. 1960களின் தொடக்கத்தோடு அங்கே முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. சமுத்திரம் இல்லாத ஊரில் முத்து விற்கிறது. சமுத்திரம் உள்ள ஊரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது.

பெங்களூர் கதை நம் சமூகத்துக்கு மிகவும் நெருக்கம். அதன் பட்டப்பெயர்களை வரிசையாக வைத்தால் நம் வீடுகளின் மூன்று தலைமுறைச் சரித்திரம் கிடைத்துவிடும். தாத்தாக்களுக்கு அது பென்ஷன்காரர்களின் சொர்க்கம். 1890களில் மல்லேசுவரமும் பசவனகுடியும் விஸ்தரிக்கப்பட்டன. 1898இல் பிளேக் வந்த பிறகு ஜனங்கள் அங்கே குடியேறினார்கள். கார்ப்பொரேஷன் பூங்காவில் நடை, சாயங்காலம் உபந்நியாசம் என்று காலம் போயிற்று. அப்பாக்களுக்கு அது தோட்ட நகரம். பொதுத்துறைத் தொழிற்சாலை வேலை, லால்பாக் மலர்க்கண்காட்சி. பிள்ளைகளுக்கு அது சிலிகான் பள்ளத்தாக்கு. 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி அங்கே கடை விரித்ததிலிருந்து அந்தக் கதை தொடங்கியது. இப்போது தாத்தா ரோட்டைக் கடக்கப் பேரன் கையைப் பிடிக்கிறார். மூன்றாவது பட்டப்பெயர் முதல் இரண்டையும் சாப்பிட்டுவிட்டது.

அந்த ஊரின் இயற்பெயருக்கே ஒரு கதை சொல்வார்கள். ஹொய்சள மன்னன் வீர வல்லாளன் வேட்டையில் வழி தப்பி வந்தானாம், ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்தாளாம், அதனால் 'பெந்தகாளூரு' ஆயிற்றாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேகூரில் உள்ள கிட்டத்தட்ட கி.பி. 890ஆம் வருஷத்துக் கன்னட வீரக்கல் ஒன்றில் பெங்களூரு என்ற பெயர் தெளிவாக இருக்கிறது. வல்லாளன் பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியது அது. பயறு வேகும் முன்னே பெயர் வந்துவிட்டது.

இரண்டு ஆனந்தங்கள்

கல்கத்தாவை வெள்ளைக்காரர்கள் அரண்மனைகளின் நகரம் என்றார்கள். அவர்கள் சௌரங்கியைப் பார்த்துச் சொன்னார்கள். இப்போது எல்லோரும் ஆனந்த நகரம், சிட்டி ஆஃப் ஜாய் என்கிறார்கள். வரவேற்பு வளைவுகளிலும் பார்க்கலாம். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. டொமினிக் லாப்பியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1985இல் எழுதிய நாவலின் பெயர் அது. நாவலில் வரும் ஆனந்த நகர் ஒரு சேரி. அதுவும் கல்கத்தாவில் இல்லை, ஹூக்ளிக்கு அக்கரையில் ஹௌராவில் உள்ள பில்கானாவைப் பார்த்து எழுதியது. ரிக்ஷா இழுப்பவர்களும் குஷ்டரோகிகளும் கஷ்டத்துக்கு நடுவில் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதைப் பார்த்து அவர் அந்தப் பெயரை வைத்தார். பிறகு பெயர் மட்டும் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது. சேரி அக்கரையிலேயே தங்கிவிட்டது.

காசியை ஆனந்த வனம் என்றவர்கள் மயானத்தையும் சேர்த்தே சொன்னார்கள் என்று மேலே எழுதினேன். ஆனந்த நகரம் என்று எழுதி வைப்பவர்களும் அந்தச் சேரியைச் சேர்த்து நினைத்தால், பெயர் பொய்யாகாது.

ஊர்க்காரன் வைத்த பெயர்

கடைசியாக ஒன்று. பம்பாயின் மில் பகுதியான பரேல், லால்பாக் வட்டாரத்தை யாரும் மான்செஸ்டர் என்று சொல்லவில்லை. அங்கே குடியிருந்த மராத்தித் தொழிலாளர்கள் தங்கள் இடத்துக்குத் தாங்களே கிரண்காவ் என்று பெயர் வைத்தார்கள். மில்களின் கிராமம் என்று அர்த்தம். கொங்கணத்துக் கிராமத்தை விட்டு வந்தவர்கள், மில் வாசலில் இன்னொரு கிராமத்தை உண்டாக்கிக்கொண்டார்கள் என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

அகமதாபாதுக்கும் அப்படி ஒரு பழைய வசனம் உண்டு. மில் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே கைத்தறியும் ஜரிகையும் பட்டும் பிரசித்தமாக இருந்த ஊர் அது. அந்த ஊர்க்காரர்கள், தங்கள் நகரம் மூன்று நூலில் தொங்குகிறது என்பார்கள். பட்டு ஒன்று, பொன் ஒன்று, பருத்தி ஒன்று. அப்பாவுக்கு மிகவும் பிடித்த வசனம். என் பரிசுக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தபோது, "இதை எழுதியிருக்கலாமே. அவா பெருமையும் இதுல இருக்கு, பயமும் இருக்கு" என்றார். பதினான்கு வயசுப் பையனுக்கு அது புரியவில்லை.

பேரனிடம் இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "தாத்தா, பரீட்சையில மூணு நூல்னு எழுதினா மார்க் போட மாட்டா" என்றான். வாஸ்தவம்தான். மான்செஸ்டர் என்றே எழுது, மற்றதை ஞாபகத்தில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு அவனை அகமதாபாதுக்கு அழைத்துப் போனேன். அப்பா வேலை பார்த்த மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. புகைபோக்கி ஒன்றை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதன் அடியில் நின்று பேரன் அண்ணாந்து பார்த்தான். "கொள்ளுத்தாத்தா இங்கேதான் டைப் அடிச்சாரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

நம் அங்கத்தினர்கள் எத்தனையோ ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறையாக வேர் விட்டிருக்கிறோம். உங்கள் ஊரைப் பொது அறிவுப் புஸ்தகம் என்ன சொல்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள்? பால்காரரிடம், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டு ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த இதழில் எல்லோரும் படிக்கலாம்.